கதண்டு மட்டும் மாட்டும் கூண்டு: தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு

ராமநாதபுரம் கடற்கரையில் உச்சிப்புளி, பெரியபட்டினம், தங்கச்சிமடம் பக்கத் தென்னந்தோப்புகளில் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களிடம் கதண்டு என்னும் பெரிய குளவியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பெட்டி வாசலுக்கு ஒரு முழம் தள்ளி அந்தரத்தில் நிற்கும். மகரந்தத்தோடு திரும்பும் தேனீயைக் கவ்வும். பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து தலை, இறகு, கால்களைக் கழித்துவிட்டு நெஞ்சுக்கறியை உருண்டையாக்கிக் கூட்டிலுள்ள புழுக்களுக்கு எடுத்துப்போகும். இது நாள் முழுக்க நடந்தால் தேனீக்கள் வெளியே போவதைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் தேன் வரத்து நிற்கும். பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீக்குத் தொல்லை பொறுக்காவிட்டால் ஒரே நாளில் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும்.

இதற்கு எல்லோரும் முதலில் செய்வது பாட்டில் பொறி. தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவார்கள். கதண்டு விழும், மறுக்கவில்லை. சாயங்காலம் அந்தப் பாட்டிலை வெள்ளைத் துணியில் கவிழ்த்து எண்ணிப் பாருங்கள். ஈ, அந்துப்பூச்சி, பட்டாம்பூச்சி, சிறு வண்டு, நம் தேனீ என எல்லாம் ஊறிக் கிடக்கும். கதண்டைத் தேடித்தான் எடுக்க வேண்டும். விழுந்தது எதுவும் திரும்பி வெளியே போக வழியில்லாததுதான் அதன் கோளாறு.

பிரான்ஸில் 2004இல் ஆசியக் கதண்டு, வெஸ்பா வெலுட்டினா, புகுந்தது தெரியவந்தது. அங்குள்ள தேனீ வளர்ப்பவர்களும் பாட்டிலில்தான் தொடங்கினார்கள். பிறகு, நுழையும் துளை ஓர் அளவு, தப்பும் துளை வேறு அளவு, இரை தொட முடியாத இடத்தில் என்று கூண்டுகள் செய்யத் தொடங்கினார்கள். கீழே சொல்லும் கூண்டும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் அவர்களுடைய அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, அவர்களுடைய நோக்கத்தையும்தான். அங்கே அது வந்தேறி. இங்கே கதண்டு இந்த மண்ணின் பூச்சி. பயிர் தின்னும் புழுவையும் மற்றக் குளவிகளின் கூட்டையும் வேட்டையாடி வாழ்கிறது. (நம் ஊர்க் கதண்டு வகைகளில் ஒன்றான வெஸ்பா ட்ராபிகா 2016இல் பசிபிக் கடலில் குவாம் தீவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே வந்தேறியாகிவிட்டது. அது வேறு கதை.) ஐரோப்பாவில் வசந்த காலத்தில் ராணிகளைப் பிடிப்பதற்காகவே பொறி தொங்கவிடுகிறார்கள். இங்கே அதற்கு வேலையில்லை. பெட்டி வாசலில் வந்து நிற்பவற்றைச் சில நாள் குறைத்தால் போதும், பிறகு கூண்டைக் கழற்றிவிடலாம்.

கூண்டு தேவையா என்பதை முதலில் பாருங்கள். காலை வெயில் ஏறும்போது பெட்டிக்குப் பக்கவாட்டில் பத்து நிமிஷம் நின்று எண்ணுங்கள். ஒன்றிரண்டு வந்து போனால் விட்டுவிடலாம். வலுவான அடுக்குத் தேனீக் கூட்டம், வாசல் பலகையில் இறங்கும் கதண்டைச் சுற்றிப் பந்துபோல் மொய்த்து, பந்துக்குள் சூட்டை 46 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி, வேகவைத்தே கொன்றுவிடும். ஒரே நேரத்தில் நாலைந்து நின்றாலோ, தேனீக்கள் வாசலுக்குள்ளேயே ஒதுங்கிவிட்டாலோ கூண்டு வேலையைத் தொடங்கலாம். அதற்கும் முன்னால் வாசல் உயரத்தை ஒரு மரச்சில் வைத்து 6 மி.மீ. ஆக்குங்கள். தேனீ போய்வரும், கதண்டு பெரும்பாலும் உள்ளே தலை நீட்ட முடியாது. பாதித் தொல்லை இதிலேயே தீர்ந்துவிடுவதும் உண்டு.

எந்தக் கதண்டு, என்ன அளவு

இங்கே பெட்டிக்கு வருபவற்றில் இரண்டு வகைகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். வயிற்றின் முன்பாதி முழுக்க மஞ்சளும் பின்பாதி கருப்புமாக இருந்தால் வெஸ்பா அஃபினிஸ். வயிற்றில் ஒரே ஒரு அகல மஞ்சள் பட்டை மட்டும் இருந்து, உடம்பும் பெரிதாக இருந்தால் ட்ராபிகா. அஃபினிஸ் மரத்திலும் புதரிலும் தொங்கும் கூடு கட்டும், ட்ராபிகா பெரும்பாலும் பொந்திலும் மண்ணுக்கடியிலும். இடுப்பு நூல்போல் நீண்டு, சுவரில் மண்கூடு கட்டும் குளவி இவற்றில் சேராது. அது பெட்டிக்கு வராது, அதைத் தொடாதீர்கள்.

கூண்டின் அளவைத் தீர்மானிப்பது நெஞ்சின் அகலம். வாசலில் செத்துக்கிடக்கும் கதண்டு ஐந்தாறைப் பொறுக்கி, தலைக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள பகுதியை வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். வெர்னியர் இல்லாவிட்டால் டிரில் பிட் போட்டு ஓர் அட்டையில் 4.5, 5, 5.5, 6, 8, 10 மி.மீ. துளைகள் போட்டு, எதில் நுழைகிறது, எதில் சிக்குகிறது என்று பாருங்கள். செத்த பூச்சியிலும் கொடுக்கு குத்தும், இடுக்கியால் பிடிக்க வேண்டும். இடுப்பளவை நெஞ்சளவு என்று எடுத்துக்கொள்வதுதான் பலர் செய்யும் தவறு.

அஃபினிஸுக்கு நுழைவுத் துளை 10 மி.மீ., ட்ராபிகாவுக்கு 12 மி.மீ. போதும். தப்பும் துளை 5 முதல் 5.5 மி.மீ. அடுக்குத் தேனீ வேலைக்காரியின் நெஞ்சு சுமார் 3.5 மி.மீ. தான், ஆகவே தாராளமாக வெளியேறும். ஈக்களும் போய்விடும். அஃபினிஸில் சிறிய வேலைக்காரிகள் 5.5இல் நழுவுவதைப் பார்த்தால் 4.5க்கு இறங்குங்கள், அதற்குக் கீழே வேண்டாம்.

கூண்டு

நீளம் 30 செ.மீ., அகலம் 20, உயரம் 20. இரண்டு முனைகளிலும் 20க்கு 20 பலகை. அடியில் ஒரு பலகை. ஒட்டுப்பலகை உப்புக்காற்றில் ஒரு மழைக்காலத்திலேயே உரிந்துவிடும், ரீப்பர் துண்டோ பழைய மீன்பெட்டிப் பலகையோ நல்லது. தெர்மாகோல் பெட்டியில் செய்தால் கதண்டு கடித்தே வழி பண்ணிக்கொள்ளும்.

நீளவாட்டுப் பக்கங்கள் இரண்டிலும் கீழ் 8 செ.மீ.க்குப் பலகை, மேல் 12 செ.மீ.க்குக் கம்பிவலை. முழுப் பக்கத்துக்கும் வலை அடித்தால் இரை வாசம் நாலாபுறமும் கசியும். கதண்டு தான் நுழைய வேண்டிய கூம்பைத் தேடாமல் வலையிலேயே உட்கார்ந்து நோண்டிக்கொண்டிருக்கும். கூண்டு செய்தும் ஒன்றும் மாட்டவில்லை என்று சொல்பவர்களின் கூண்டைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இந்தக் குறைதான்.

கம்பிவலை ஹார்டுவேர் கடையில் கால் இஞ்ச் என்று கேட்டால் கிடைக்கும். கம்பியின் தடிமன் போக, துளை ஏறத்தாழ 5.5 மி.மீ. நிற்கும். வாங்கும்போதே 5.5 டிரில் பிட்டைச் செருகிப் பாருங்கள். ஒரே கால் இஞ்ச் என்றாலும் கடைக்குக் கடை மாறும். ஜிங்க் பூசிய வலை கடற்கரையில் வெட்டின முனையிலிருந்து துருப்பிடிக்கத் தொடங்கும். துரு சேர்ந்தால் துளை சுருங்கும், தேனீ சிக்கும். எவர்சில்வர் வலை கிடைத்தால் அதையே வாங்குங்கள். வலையே சரியாகக் கிடைக்காவிட்டால் அலுமினியத் தகட்டில் பக்கத்துக்கு 40, 50 துளைகள் 5 மி.மீ. பிட்டால் போடலாம். ஆணியைக் காய்ச்சிக் குத்தும் துளை ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது, அந்த வேலை வேண்டாம்.

மேல் மூடி ஒளி ஊடுருவ வேண்டும். பழைய அக்ரிலிக் தகடு, கெட்டியான தெளிந்த பிளாஸ்டிக், எதுவானாலும் சரி. உள்ளே போன பூச்சி வெளிச்சத்தை நோக்கித்தான் மேலே ஏறும். கதண்டு மூடியில் முட்டிக்கொண்டிருக்கும், கீழே இருக்கும் கூம்பு வாயை மறந்துவிடும். சின்னப் பூச்சிகள் மேல்வலை வழியாகப் போய்விடும். மூடியை ஒரு பக்கம் கீல் போட்டுத் திறக்கும்படி செய்யுங்கள். அதற்கு மேலே நாலு விரல்கட்டை இடைவெளி விட்டு மழைக்கூரை. ஒரு துண்டு தகரம் போதும், நாலு பக்கமும் 8 செ.மீ. நீட்டி இருக்கட்டும். பனையோலை வேய்ந்தால் உள்ளே இருட்டாகிவிடும்.

இரைத்தட்டு தனி. அடிப்பலகையின் நடுவில் 10க்கு 10 செ.மீ. சதுரம் வெட்டி, அதன்மேல் கொசுவலை அளவுள்ள எவர்சில்வர் வலையை இறுக்கி அடியுங்கள். கீழே சோப்பு டப்பா அளவுள்ள ஒரு டப்பா, இழுத்து எடுக்கும்படி இரண்டு தண்டவாளக் குச்சிகளுக்கு நடுவில் நிற்கட்டும். சுற்றிலும் இடுக்கு இல்லாமல் ஒட்டி இருக்க வேண்டும். இதனால் எந்தப் பூச்சியும் இரையில் விழுந்து சாகாது. தப்பிப் போகும் தேனீயின் உடம்பிலும் பிசின் ஒட்டாது.

கூம்பு

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். 2 மி.மீ. துளையுள்ள எவர்சில்வர் வலையில், காம்பஸால் 11 செ.மீ. ஆரத்தில் அரைவட்டம் வரையுங்கள். அதே மையத்தில் 1 செ.மீ. ஆரத்தில் இன்னொரு சின்ன அரைவட்டம். நேர்விளிம்புகளில் ஒன்றுக்கு வெளியே 1 செ.மீ. அகலப் பட்டையைக் கூடுதலாக விட்டு வெட்டுங்கள், அது ஒட்டுக்காக. அரைவட்டத்தைச் சுருட்டினால் வரும் கூம்பில் ஒரு வசதி உண்டு. நுனியிலிருந்து சரிவில் எத்தனை செ.மீ. வருகிறீர்களோ, அந்த இடத்தில் விட்டமும் அத்தனை செ.மீ. ஆகவே 1 செ.மீ. ஆரத்தில் வெட்டிய நுனியில் துளை சரியாக 10 மி.மீ. வரும். ட்ராபிகாவுக்கு 1.2 செ.மீ. ஆரத்தில் வெட்டினால் 12 மி.மீ.

கூடுதல் பட்டையை விடாமல் விளிம்பின்மேல் விளிம்பை ஏற்றிச் சுருட்டினால் கணக்கு போச்சு. அரை செ.மீ. ஏறினாலே நுனித்துளை 8.4 மி.மீ.க்குச் சுருங்கிவிடும். கதண்டு தலையை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்.

ஒட்டை மெல்லிய கம்பியால் தைத்துவிடுங்கள். நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முட்களை அரத்தால் தேய்த்து, 10 மி.மீ. டிரில் பிட்டின் தண்டைச் செருகி வட்டமாக்குங்கள். கைவிரல் வழுக்கிப் போக வேண்டும். முனைப்பலகையின் நடுவில் 10 செ.மீ. வட்டத் துளை வெட்டி, கூம்பை வெளியிலிருந்து உள்ளே செருகினால் வாயோரம் 1 செ.மீ. வெளியே நிற்கும். அதைக் கத்தரியால் அங்கங்கே கீறி, இதழ்போல் மடித்துப் பலகையில் பின் அடித்துவிடுங்கள். இரு முனைகளிலும் ஒவ்வொரு கூம்பு. உள்ளே இரண்டு நுனிகளுக்கும் நடுவில் சுமார் 14 செ.மீ. இடம் இருக்கும். நுனி எந்தச் சுவரையும் தொடக் கூடாது. தொட்டால் உள்ளே இருக்கும் கதண்டு சுவரில் நடந்து வந்து நேரே கூம்புக்குள் இறங்கிப் போய்விடும்.

இரை

கதண்டுக்கு இரண்டு பசி. புழுக்களுக்குக் கறி தேடும், தனக்கு இனிப்புத் தேடும். இரண்டுக்கும் இந்தக் கடற்கரையில் பஞ்சமில்லை.

மீன் இரை: சூடை அல்லது சாளைத் தலை, 50 கிராம் போதும். அன்று காலைப் பிடித்ததாக இருக்க வேண்டும். அழுகினால் கதண்டு வராது, ஈதான் வரும். ஆகவே தினமும் மாற்ற வேண்டும். இதற்குத் தேனீயோ பட்டாம்பூச்சியோ திரும்பிக்கூடப் பார்க்காது. பெட்டி வாசலில் தேனீயைக் கவ்வும் கதண்டு கறி தேடித்தான் வந்திருக்கிறது என்பதால், முதலில் முயல வேண்டியதும் இதுவே. மீனில் பூச்சிமருந்து கலந்து வைக்கும் யோசனை அடிக்கடி காதில் விழுகிறது. பூனை, காக்கை, அணில் என்று எதெதுவோ சாகும். அதை விட்டுவிடுங்கள்.

கருப்பட்டி இரை: 250 கிராம் கருப்பட்டியை 1 லிட்டர் வெந்நீரில் கரைத்து, முழுக்க ஆறியபின் ரொட்டி ஈஸ்ட் கால் தேக்கரண்டி போட்டுத் துணியால் கட்டி நிழலில் வையுங்கள். நம் ஊர் வெக்கைக்கு ஒன்றரை நாளில் நுரைத்துப் புளிக்கும். அதன்பின் 100 மி.லி. வினிகர் சேருங்கள். தட்டில் ஒரு ஸ்பான்ஜ் துண்டு போட்டு 150 மி.லி. ஊற்றினால் நாலைந்து நாள் வரும். காய்ந்தால் தண்ணீர் தெளித்தால் போதும். பழைய கரைசலில் கால் பங்கை அடுத்த முறைக்கு உறையாக வைத்துக்கொள்ளலாம். புளிக்காத கரைசலை அவசரப்பட்டு வைத்தால் தேனீக்கள்தான் வரிசைகட்டி வரும். புளிப்பும் சாராய வாடையும் வினிகரும்தான் அவற்றைத் தள்ளி நிறுத்துகின்றன. பதநீரைப் புளிக்கவைக்கலாமே என்று தோன்றும். சுண்ணாம்பு தடவிய கலயத்துப் பதநீர் லேசில் புளிக்காது. தடவாமல் இறக்கினால் அது கள், தமிழ்நாட்டில் அதற்குத் தடை. கருப்பட்டியே வம்பில்லாதது.

தேனையும் பழைய தேனடையையும் இரையாக வைக்கவே கூடாது. மற்றப் பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வரும், நோயும் பெட்டிக்குப் பெட்டி தாவும்.

எது எங்கே எடுபடும் என்பது அக்கம்பக்கத்தைப் பொறுத்தது. கருவாட்டுக் களம் பக்கத்தில் இருந்தால் உங்கள் ஐம்பது கிராம் சூடையைக் கதண்டு ஏன் தேடப்போகிறது? அங்கே கருப்பட்டி. சாயல்குடிப் பக்கம்போல் பனை அடர்ந்த இடங்களில், பதநீர் இறக்கும் நாட்களில் கதண்டு கலயத்தைத் தேடிப் போகும், அப்போது மீன்.

தொங்கவிடுவது

பெட்டியிலிருந்து 3 முதல் 5 மீட்டர் தள்ளி, பக்கவாட்டிலோ பின்புறமோ, இடுப்பிலிருந்து மார்பு உயரத்துக்குள். தேனீ போய்வரும் பாதையில் வேண்டாம். கூம்புகள் காற்றோட்டத்தின் திசையில் இருக்கும்படி, அதாவது ஒன்று காற்றைப் பார்த்தும் மற்றது காற்றுக்கு முதுகு காட்டியும் நிற்கவேண்டும். வாசம் காற்றுக்கு முதுகு காட்டும் கூம்பு வழியே வெளியேறும். அந்த வாசத்தை எதிர்த்துப் பறந்து வரும் கதண்டு நேரே அதன் வாயில் வந்து இறங்கும். கச்சான் (தென்மேற்குக்) காற்று நாட்களில் ஒரு திசை, வாடைக்கு வேறு திசை. காற்று மாறும்போது கூண்டையும் திருப்புங்கள். ஆடிக்கொண்டிருக்கும் கூண்டில் எதுவும் இறங்காது. கச்சான் பலமாக அடிக்கும்போது கயிற்றில் தொங்கவிடாமல் கம்பு நட்டு அதன்மேல் கட்டுங்கள். கட்டும் கம்பியிலோ கம்பிலோ ஒரு சாண் அளவுக்குக் கிரீஸ் தடவாவிட்டால் எறும்பு முதல் நாளே இரையை எடுத்துக்கொள்ளும். காற்றில் வரும் மணல் ஒட்டி கிரீஸ் இறுகிவிடும், வாரம் ஒருமுறை துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும்.

நாலைந்து பெட்டிக்கு ஒரு கூண்டு போதும்.

தினசரி வேலை

காலையில் திறந்து, பொழுது சாயும்போது இரு கூம்புகளையும் துணிப்பந்தால் அடையுங்கள். இரவில் வருவது அந்துப்பூச்சியும் பல்லியும்தான். பொழுது சாய்ந்த பிறகு தூரத்தில் நின்று பாருங்கள். டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டால் கதண்டு வெளிச்சத்தை நோக்கி வராது, சிவப்பு அதன் கண்ணுக்குத் தெரியாது. பட்டாம்பூச்சி, மரம் துளைக்கும் பெரிய கருந்தேனீ போன்றவை 5 மி.மீ. வலையில் போக முடியாமல் உள்ளே நிற்கும். கதண்டு இல்லாத வேளையில் மூடியைத் திறந்து விடலாம். கதண்டோடு சேர்ந்து இருந்தால் அவசரப்படாதீர்கள். விடியற்காலைக் குளிர்ச்சியில் எல்லாம் மந்தமாக இருக்கும்போது, முகவலையும் தடித்த கையுறையும் போட்டு இடுக்கியால் எடுத்து விடுங்கள்.

மாட்டிய கதண்டைக் கொல்ல, இரைத்தட்டை இழுத்து எடுத்துவிட்டு, கூண்டு முழுதும் முங்கும் டிரம்மில் 20 லிட்டருக்கு இரண்டு கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து பத்து நிமிஷம் அமுக்கி வையுங்கள். வெறும் தண்ணீரில் வெகுநேரம் பிழைத்திருக்கும், சோப்பு மூச்சுத்துளையில் இறங்கினால் சீக்கிரம் முடியும். அப்புறம் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும், சோப்பு வாடை இருந்தால் மறுநாள் எதுவும் வராது. உள்ளே இரண்டு மூன்று கதண்டு உயிரோடு இருக்கும் கூண்டுக்கு மற்றவை சீக்கிரம் வருவதைத் தேனீ வளர்ப்பவர்கள் பலர் கவனித்திருக்கிறார்கள். அதனால் தினமும் முழுக்கக் காலி செய்ய வேண்டியதில்லை.

முதல் இரண்டு நாள் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எத்தனை கதண்டு, கையால் எடுத்துவிட வேண்டியிருந்த மற்றவை எத்தனை. இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் இரையை மாற்றுங்கள். அப்போதும் குறையாவிட்டால் இடத்தை மாற்றுங்கள், பூத்திருக்கும் மரத்தடியில் கட்டியிருப்பீர்கள். சீமைக்கருவேலம் பூக்கும்போது அதன் பக்கமே போகக் கூடாது. தேனீ மாட்டியபடி நின்றால் வலைத்துளையில் துருவோ மெழுகோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எதுவுமே மாட்டவில்லை என்றால் நுனித்துளையை மறுபடி அளக்க வேண்டும்.

தினம் இருபது, முப்பது என்று மாட்டியும் வாசலில் எண்ணிக்கை குறையாவிட்டால் கூடு அருகில் இருக்கிறது. இரை கவ்விய கதண்டு ஒரே திசையில் நேராகப் பறக்கும். இரண்டு இடங்களில் நின்று அந்தத் திசையைக் குறித்தால் இடம் ஏறத்தாழத் தெரிந்துவிடும். பனை மட்டைகளுக்கு இடையிலும் முட்புதரிலும் தேடுங்கள், பார்ப்பது தூரத்திலிருந்து. தீப்பந்தம் கொண்டு போவதும் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் ஆளைக் கொன்ற வழிகள். 101க்குப் போன் செய்தால் தீயணைப்புத் துறையினர் வருவார்கள். கூட்டமாகக் கொட்டிவிட்டால் வலி அடங்கிவிட்டது என்று வீட்டில் இருக்க வேண்டாம். விஷம் சிறுநீரகத்தைத் தாக்குவது இரண்டொரு நாள் கழித்தும் தெரியவரும். மூச்சுத் திணறல், முகவீக்கம், தலைச்சுற்றல் வந்தால் ஒரே ஒரு கொட்டானாலும் உடனே 108.

மூன்று நாள் தொடர்ந்து பெட்டி வாசலில் கதண்டு தட்டுப்படாவிட்டால் கூண்டை இறக்கி, இரைத்தட்டைக் கழுவி, வலையில் படிந்த உப்பை நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி, கூம்பு வாய் இரண்டையும் அடைத்து உள்ளே வைத்துவிடுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது முதலில் டிரில் பிட்டைச் செருகி இரண்டு துளைகளையும் சரிபாருங்கள்.